குறில் ஒன்று, நெடில் இரண்டு: தொடக்க மாணவர்க்கு இசை எழுத்தும் எளிய கருவியும்

(மரக்காணம் உப்பளக் கரையில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவு; அச்சுக்காகச் சுருக்கப்பட்டது)



இசையைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களில் பிறவாத சிறுவர்க்கு, அதிலும் தாயும் தந்தையும் விடியுமுன் அளத்துக்குச் சென்று வெயில் ஏறிய பின் திரும்பும் வீட்டுச் சிறுவர்க்கு, இசையின் எழுத்தைப் படிக்கவும் எளிய கருவி ஒன்றை இசைக்கவும் எந்த வரிசையில் கற்பிப்பது என்பதே இச்சொற்பொழிவு எடுத்துக்கொண்ட பொருள். இதனை உப்பளக் கரையில் நின்று பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. சங்க இலக்கியம் எயிற்பட்டினம் என்று குறிப்பிடும் துறைமுகம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் முடிபு. எயில் என்றாலும் சோ என்றாலும் மதில் என்றே பொருள்படுவதால், கிரேக்கக் கடற்குறிப்பில் வரும் சோபட்மாவும் இதுவே என்பர். அந்த எயிற்பட்டினத்தின் வழியாகப் பாணர் கூட்டம் ஒன்றை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்தும் சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர், இங்கிருந்து வடக்கே அண்மையில் உள்ள இடைக்கழிநாட்டைச் சேர்ந்த நல்லூர் நத்தத்தனார். 269 அடிகள் கொண்ட அந்நூலின் பெயரிலேயே ஓர் எளிய கருவி இருக்கிறது: சீறியாழ், அதாவது சிறிய யாழ். அதை மீட்டுவோர் சிறுபாணர் எனப்பட்டனர். கருவியோடு ஊர்விட்டு ஊர் நடந்தவர்களின் பாதை இது.

இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்து ஒன்றே. தமிழ் நெடுங்கணக்கில் குறிலையும் நெடிலையும் பிரித்தறியத் தெரிந்த குழந்தைக்கு இசை எழுத்தின் பாதி, அதாவது காலத்தைக் காட்டும் பாதி, ஏற்கெனவே தெரியும். ஆதலால் பாடம் அந்தப் பாதியிலிருந்துதான் தொடங்க வேண்டும், சுரத்தின் உயரத்தைக் காட்டும் மற்றப் பாதி அதன் பின்னரே வர வேண்டும். இன்றைய தொடக்க நூல்களும் வகுப்புகளும் இரண்டையும் முதல் நாளே ஒன்றாகக் கட்டிக் குழந்தையின் தலையில் ஏற்றுகின்றன. சுமை கூடியதால் பாதியில் நின்றுவிட்ட பிள்ளையைக் குரலில்லை, ஞானமில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகின்றன.

1. எழுத்து சொல்லும் இரண்டு செய்திகள்

இசையை எழுதும் எந்த முறையும் குறைந்தது இரண்டு செய்திகளைச் சொல்லியாக வேண்டும். ஒலி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது ஒன்று. எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது மற்றொன்று. ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையில் கோட்டின் மேல் குறி இருக்கும் இடம் உயரத்தையும், குறியின் வடிவம் நேரத்தையும் காட்டுகின்றன. அங்கு முழுக் குறி ஒன்றை எடுத்து அதைப் பாதி, கால், அரைக்கால் என்று வகுத்துக்கொண்டே போவதால், பின்னக் கணக்கு வராத குழந்தைக்கு முதல் பக்கமே மலையாகிவிடுகிறது. தமிழில் வழங்கும் சுர எழுத்து இதற்கு நேர்மாறானது. அது மிகச் சிறிய அலகை எடுத்துக்கொண்டு அதைக் கூட்டிக்கொண்டே போகிறது: ச என்றால் ஓர் அலகு, சா என்றால் இரண்டு, ரி ஒன்று, ரீ இரண்டு, க ஒன்று, கா இரண்டு. காற்புள்ளி ஓர் அலகு நீட்டிப்பையும், அரைப்புள்ளி இரண்டு அலகு நீட்டிப்பையும் குறிக்கும்.

இந்த அலகுக்குத் தமிழ் இலக்கணம் வைத்திருக்கும் பெயர் மாத்திரை. இயல்பாகக் கண்ணிமைக்கும் நேரமும் விரல் நொடிக்கும் நேரமுமே மாத்திரை என்று தொல்காப்பியம் அளவு தருகிறது. அளவுகோலைக் கண்ணிலும் விரலிலும் வைத்த இந்த இலக்கணம், குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று வகுத்துவிட்டு, நூன்மரபின் முடிவில், எழுத்துகள் தம் அளவைக் கடந்து ஒலிப்பதும் மெய்கள் நீண்டு இசைப்பதும் இசை நூலுக்கு உரியவை என்று வேறொரு நூலின் எல்லையைச் சுட்டி நிறுத்திக்கொள்கிறது. இலக்கணமும் இசையும் ஒரே அளவுகோலைக் கொண்டே தொடங்குகின்றன என்பதும், இசை அந்த அளவைத் தாண்டிச் செல்லும் என்பதும் இதனால் பெறப்படும்.

திவாகர நிகண்டு ஏழு சுரங்களுக்கு உரிய எழுத்துகளாக ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் ஏழு உயிர்களைத் தருகிறது. தமிழில் உள்ள நெடில்கள் மொத்தமே ஏழு, சுரங்களும் ஏழு, கணக்கு அழகாக நேராகிறது. ஆனால் கற்பிக்கும் கண்ணோடு பார்த்தால் அம்முறையில் ஒரு குறை உண்டு. எழுத்து அனைத்தும் நெடிலாகிவிட்டால், குறில்–நெடில் வேறுபாட்டைக் கொண்டு காலத்தைக் காட்டும் வாய்ப்பு அடைபட்டுப் போகிறது. ச, ரி, க, ம, ப, த, நி என்னும் வரிசை வடமொழிப் பெயர்களின் முதலெழுத்துகளிலிருந்து வந்ததாயினும், குறிலும் நெடிலும் இரண்டும் கொள்ளும் தன்மையால் தமிழ்க் குழந்தையின் காலக் கணக்குக்கு அதுவே பொருந்துகிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் தமிழ்ப் பெயர்களைக் குழந்தைகள் அறிந்துகொள்வது இன்றியமையாதது. எனினும் பெயர் வேறு, எழுத்து வேறு. எதை எங்கே பயன்படுத்துவது என்பதில் பிடிவாதம் உதவாது.

2. இரண்டு பாறைகள்

தமிழ்நாட்டில் இசை எழுத்தின் பழமையைக் காட்டும் பாறைகளில் இரண்டு இங்கே கருதத்தக்கவை. ஈரோட்டுப் பக்கம் அறச்சலூரில், கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்றில், த, தா, தை, தே போன்ற தாளச் சொற்களின் எழுத்துகள் ஐந்து வரிகளில், வரிக்கு ஐந்தாக, ஒரு கட்டமாக அமைந்துள்ளன. இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் படித்தால் அக்கட்டம் ஒன்றாகவே வருகிறது. எழுத்துகளை அவ்வாறு சேர்த்து அமைத்தவர் தேவன் சாத்தன் என்னும் மணிய வண்ணக்கன் என்று அருகிலுள்ள வரி தெரிவிக்கிறது. வண்ணக்கன் என்பது பொன்னையும் காசையும் சோதித்து மாற்றுச் சொல்பவரைக் குறிக்கும் சொல். அளப்பதையே தொழிலாகக் கொண்டவர் தாளத்தை அளந்து கல்லில் கட்டியிருக்கிறார் என்பது கருதத்தக்கது.

மற்றொன்று புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியான்மலைக் கல்வெட்டு. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டு எழுத்தமைதி கொண்ட அப்பாறையில், ஏழு பண்வகைகளுக்குரிய சுரங்கள் நான்கு நான்காகச் சேர்த்துக் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே சுரம் அங்கே அகரம், இகரம், உகரம், எகரம் என உயிர் மாறி வருகிறது. அம்மாற்றம் நேரத்தைக் காட்டுவதாகத் தோன்றவில்லை. யாழ் நரம்பை மீட்டும் முறையைக் குறிக்கலாம் என்று கருதுவோர் உளர். உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இதனைச் செய்வித்தான் என்று இறுதி வரி கூறுகிறது. அவ்வரசன் முதலாம் மகேந்திரவர்மனா என்ற வழக்கு முடிந்தபாடில்லை. இச்சொற்பொழிவுக்கு அது வேண்டியதுமில்லை. வேண்டியது, அது மாணவர்க்காக வெட்டப்பட்டது என்ற செய்தி. கரும்பலகை என்ற ஒன்று வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் ஒரு குன்றின் முகம் பாடப்பலகையாக இருந்திருக்கிறது.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். முந்திய பாறை காலத்தைக் கட்டமாக்குகிறது. பிந்திய பாறை சுரத்தைக் கட்டமாக்குகிறது. இதனை வரலாற்றின் விதி என்று கொள்வது மிகையாகும், ஏனெனில் இரண்டு கல்வெட்டுகளைக் கொண்டு விதி எழுத முடியாது. ஆயினும் கற்பிக்கும் வரிசைக்கு அது நல்ல மாதிரி.

3. கிலுகிலியும் எட்டுப் பாத்திகளும்

சிறுபாணாற்றுப்படையில் உப்பு வணிகராகிய உமணர் வருகின்றனர். உப்பு வண்டிகளோடு கூட வந்த மந்தி ஒன்று, கிளிஞ்சலின் வயிற்றுக்குள் முத்துகளை அடக்கி, உமணப் பெண்டிர் பெற்ற பிள்ளைகளோடு கிலுகிலி ஆடுகிறது என்பது அங்குள்ள காட்சி. நூல் அதனைக் கொற்கைப் பாண்டியனின் கடற்கரைக்கு உரியதாக வைக்கிறது. மரக்காணத்துக்கு உரியதாக அன்று. என்றாலும் உப்புத் தொழிலாளர் வீட்டுக் குழந்தையின் கையில் இருந்த இசைக்கருவி எது என்று கேட்டால் தமிழ் இலக்கியம் தரும் விடை இதுவே: இரண்டு ஓடுகள், உள்ளே சில பரல்கள்.

அக்கருவியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம் என்பது இவ்வுரையின் பரிந்துரை. கழிமுகத்தில் பொறுக்கிய இரண்டு கிளிஞ்சல் ஓடுகளுக்குள், முத்துக்குப் பதிலாக நாலைந்து மணற்பரல்களை இட்டு, விளிம்பை ஒட்டி நூலால் இறுகக் கட்டினால் கிலுகிலி ஆயிற்று. அதன் பெயரை நாவால் அளந்து பார்த்தால், கி, லு, கி, லி என நான்கும் குறில், நான்கு மாத்திரை. தாளச் சொற்கட்டில் தகதிமி என்பதும் அதே நான்கு குறில்தான். தகிட என்பது மூன்று. மூன்று திச்ரம், நான்கு சதுச்ரம், ஐந்து கண்டம், ஏழு மிச்ரம், ஒன்பது சங்கீர்ணம் என்று தாள நூலார் சாதி வகுக்கும் பெயர்கள் குழந்தைக்குப் பிறகு தெரிந்தால் போதும். கருவியின் பெயரே முதல் பாடம் என்பது முதலில் தெரிய வேண்டும்.

அடுத்து, தரையில் கோடு கிழித்து எட்டுப் பாத்திகள் அமைக்க வேண்டும். பாத்தி என்ற சொல் இங்கே உவமைக்காகச் சொல்லப்படவில்லை. வரப்பால் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு நீர் நிற்கும்படி மட்டம் செய்வது இக்கரையில் அன்றாட வேலை. பாத்தித் தரையை வரிசையாக நின்று காலால் மிதித்து இறுக்குகையில் எல்லார் காலும் ஒன்றாக விழ வேண்டும் என்பதை இங்குள்ள குழந்தைகள் பார்த்து வளர்கிறார்கள். எட்டுப் பாத்திகளில் முதல் நான்கிற்குப் பின் ஒரு பெரிய வரப்பு, அடுத்த இரண்டிற்குப் பின் இன்னொன்று, கடைசி இரண்டிற்குப் பின் இரட்டை வரப்பு. இதுவே ஆதி தாளம்: நான்கு, இரண்டு, இரண்டு. நான்கு எண்ணிக்கை கொண்ட முதல் உறுப்பை லகு என்பர்; அதற்கு ஒரு தட்டு, பின் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று எண்ணிக்கை. இரண்டு எண்ணிக்கை கொண்ட உறுப்பு துருதம்; அதற்கு ஒரு தட்டு, ஒரு வீச்சு. அச்சிட்ட நூலில் சுரங்களுக்கு நடுவே நிற்கும் ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும் இந்த வரப்புகளே.

இப்பாத்திகளில் முதலில் சுரங்கள் வேண்டா, சொற்களே இருக்கட்டும்:

கி லு கி லி | வா | ந ரி ||

வா என்னும் நெடில் இரண்டு பாத்திகளை எடுத்துக்கொள்ளும். எழுத்து முதல் பாத்தியில் நிற்க, அடுத்தது வெறுமையாக இருக்கும். குழந்தை வாயால் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு அடி வைத்து நடக்கும். பிறகு நின்ற இடத்திலேயே கையால் தாளம் போடும். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு கிலுகிலியால் மட்டும் அதனைச் சொல்லும். கடினம் எங்கே வருகிறது என்றால் வா என்னும் இடத்தில். கிலுகிலியால் ஒலியை நீட்ட இயலாது. குரலில் நெடில் தானாக நீளும். இங்கோ ஒரு முறை அசைத்துவிட்டு, அடுத்த மாத்திரை கழியும் வரை கையைக் கட்டி வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகள் அவ்விடத்தில் முந்திக்கொண்டு ஆட்டிவிடுவார்கள். ஆட்டாமல் நிற்கப் பழகிய அன்று, ஒலிக்காத காலத்தையும் எண்ணும் திறம் குழந்தைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம். இசை எழுத்தைப் படிப்பதில் இதற்கு மேல் அரிய பகுதி வேறில்லை. காற்புள்ளியும் அரைப்புள்ளியும் இனி அதற்குப் புதிதாகத் தோன்றா.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் ஆசிரியர் சற்று எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். கடல் என்ற சொல்லை இட்டால் இறுதி மெய்யின் அரை மாத்திரை எங்கே போகும் என்று ஒரு குழந்தை கேட்கும். உப்பு என்றால் ஈற்று உகரம் குறுகும். அவ்வாறு கேட்கும் குழந்தை இலக்கணம் நன்றாகக் கற்றிருக்கிறது என்று மகிழலாம். ஆனால் முதல் மாதத்தில் நிலா, நரி, வா, கிலுகிலி போன்ற கணக்குத் தெளிவான சொற்களோடு நிற்பது ஆசிரியருக்கு நல்லது.

சில கிழமைகள் கழித்து, அதே பாத்திகளில் சொற்களை எடுத்துவிட்டுச் சுரங்களை வைக்கலாம்:

ச ரி க ப | கா | ரி ச ||

எழுத்து மாறியதே அன்றி நடை மாறவில்லை. கா இருக்கும் இடம் முன்பு வா இருந்த இடம். சுரத்தின் உயரம் என்னும் புதிய செய்தி ஒன்று மட்டுமே இப்போது குழந்தைக்கு வந்து சேர்கிறது. முன்னர் வந்த செய்தி கையிலும் காலிலும் ஏற்கெனவே ஊறியிருக்கிறது. உயரத்தைக் கற்பிப்பதற்கும் உடம்பையே துணை கொள்ளலாம். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களுக்குக் குரல் முதலிய ஏழு பெயர்களை இட்டு, அவர்களை வட்டமாக நிறுத்தி ஆடவைக்கிறாள். ஒவ்வொரு குழந்தையும் ஒரு சுரமாக நின்று, ஆசிரியர் சுட்டும்போது தன் சுரத்தைப் பாடும் விளையாட்டுக்கு அதைவிடப் பழைய முன்மாதிரி தேட வேண்டியதில்லை.

4. அச்சுப் பாடநூலில் கால் இடறும் இடங்கள்

கருநாடக இசையின் தொடக்கப் பாடங்களை மாயாமாளவகௌளை ராகத்தில் அமைத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் என்று ஏறும் அப்படிக்கட்டு இன்றளவும் அசையாமல் நிற்கிறது என்பதே அதன் தகுதிக்குச் சான்று. குறை அப்படிக்கட்டில் இல்லை. அதை அச்சில் வைத்த விதத்திலும் வகுப்பில் சொல்லும் விதத்திலும் இரண்டு இடறல்கள் உள்ளன.

முதலாவது, காதும் கண்ணும் முரண்படுவது. சரளி வரிசையின் முதல் காலத்தில், அதாவது மிக மெதுவான நடையில், ஆசிரியர் ஒவ்வொரு சுரத்தையும் ஒரு முழு எண்ணிக்கைக்கு நீட்டிப் பாடுவார். குழந்தையின் காதில் விழுவது சா, ரீ, கா, மா. புத்தகத்தில் இருப்பதோ ச, ரி, க, ம. குறில் நெடில் அறிந்த குழந்தை இங்கே குழம்பாமல் என்ன செய்யும்? மாத்திரை என்பது ஒப்பீட்டு அளவு என்ற விளக்கம் பெரியவர்க்குப் போதும். குழந்தைக்கு, எழுத்தைப் பார்த்துப் படிக்கும் வேலையே பொய் என்று தோன்றிவிடும், அதன் பிறகு அது காதை மட்டும் நம்பி மனப்பாடம் செய்யத் தொடங்கும். தொடக்கத்தில் குறிலைக் குறிலாகவே ஒலிக்கும் விரைவில் பாடவைத்து, மெதுவான காலத்தைப் பிறகு கொண்டுவருவதே முறை. குரல் பயிற்சிக்கு மெதுவான நடையே அடிப்படை என்பதில் ஐயமில்லை. ஆனால் எழுத்துப் பயிற்சியும் குரல் பயிற்சியும் ஒன்றல்ல.

இரண்டாவது, புள்ளி. மேல் நிலையிலுள்ள சுரத்துக்கு எழுத்தின் தலைமேல் ஒரு புள்ளி, கீழ் நிலைக்கு அடியில் ஒரு புள்ளி என்பது வழக்கம். தெலுங்கு எழுத்தில் இதனால் பெரிய தொல்லை இல்லை. தமிழில் எழுத்தின் தலைமேல் வைத்த புள்ளி அதனை மெய்யாக்கிவிடும். மேல் நிலையிலுள்ள ச அச்சில் ச் என்றே கண்ணில் படும். இலக்கண வகுப்பில் மாத்திரையைப் பாதியாகக் குறைக்கும் அதே அடையாளம் இசை வகுப்பில் ஒலியை ஒரு நிலை மேலே தூக்குகிறது. இவ்வளவு பெரிய முரணைத் தமிழ்ப் பாடநூல்கள் ஒரு வரி விளக்கமும் இன்றிக் கடந்து போவது வியப்புக்குரியது. தொடக்க மாணவர்க்கு முதல் சில மாதங்கள் ஒரே நிலைக்குள் அடங்கும் ஐந்து சுரங்களோடு நிறுத்திக்கொண்டால் புள்ளிக்கே வேலை இருக்காது. பின்னர் வரும்போதும் புள்ளிக்குப் பதிலாக எழுத்தின் மேல் ஒரு சிறு கோட்டை இட்டால் குழப்பம் தீரும் என்று எண்ணத் தோன்றும், ஆனால் மேற்கோடு விரைவு காலத்தைக் குறிக்க முன்பே வழக்கில் இருப்பதால் அவ்வழியும் அடைபட்டுள்ளது. சிறு வட்டம் இடுவது பொருந்தலாம்.

தொடக்க மாணவரை மனத்தில் கொண்டு தமிழில் நூல் செய்தோர் இல்லாமல் இல்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தமிழ்ச் சாகித்தியங்களைக் கொண்ட கருணாமிர்த சாகரத் திரட்டை 1907-இல் வெளியிட்டார். அவருடைய பேராய்வு நூலான கருணாமிர்த சாகரம் வெளிவந்தது 1917-இல். ஆய்வுக்குப் பத்தாண்டு முன்னரே பயிற்சி நூலைத் தந்த அந்த வரிசை எண்ணத்தக்கது. திரட்டுக்குச் சற்று முன்னர், 1904-இல், எட்டயபுரத்திலிருந்து வந்த சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, கமகம் எனப்படும் சுர அசைவுகளையும் அடையாளங்களால் எழுதிக் காட்டியது. முதிர்ந்தவர்க்கு அது பெருங்கொடை. ஏ. எம். சின்னசாமி முதலியார் 1890-களிலேயே கீர்த்தனைகளை ஐந்துகோட்டு முறையில் அச்சிட்டார். தீட்சிதர், முதலியார் இருவர் முயற்சியும் காப்பதற்காகச் செய்தவை. கற்பிப்பதற்கு எழுதுவது வேறு கலை. அதில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதே பெரிய முடிவு.

5. கருவியைத் தேர்தல்

எளிய கருவி என்றவுடன் பள்ளிகள் இன்று வாங்குவது மின்னணுக் கீபோர்டு, முன்பு ஆர்மோனியம். அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்துப் பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்ததற்குக் காரணம், அது நம் இசையின் அசைவுகளுக்கு இடந்தராது என்ற வாதம். இவ்வுரையின் மறுப்பு அதுவன்று. கட்டைகளின் மேல் ச, ரி, க என்று ஒட்டுத்தாள் ஒட்டிக் கற்பிக்கும்போது குழந்தை படிப்பது கட்டையின் இடத்தை. காலத்தை அதற்கு இயந்திரத்தின் தாள ஒலி சொல்லிவிடுகிறது. இரண்டு செய்திகளில் ஒன்றை ஒட்டுத்தாளும் மற்றொன்றை மின்சாரமும் செய்துவிட்டால் படிப்பதற்கு எஞ்சுவது ஒன்றுமில்லை.

குழல் அவ்வாறன்று. ஊதும் துளை நீங்கலாக எட்டுத் துளைகள் கொண்ட நம் மூங்கில் குழலில் துளைகளை முழுமையாகத் திறந்தும் மூடியும் வருவது அரிகாம்போதி ராகம். பழந்தமிழ்ச் செம்பாலையும் அதுவே என்பர் பலர். மாயாமாளவகௌளையோ துளைகளைப் பாதி மூடிப் பிடிக்கும் சுரங்களைக் கேட்கிறது. குரலுக்கும் வீணைக்கும் பொருந்தும் முதல் பாடம், குழல் பிடிக்கும் சிறுவிரலுக்கு மூன்றாம் ஆண்டுப் பாடம். எளிய மவுத்தார்கனில் அந்த ராகம் வரவே வராது. ஆதலால் குழலோ ரெக்கார்டரோ கொண்டு தொடங்கும் வகுப்பில், ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களைக் கொண்ட மோகனத்தில் முதல் பாடங்களை அமைத்தலே தகும். சிலப்பதிகாரம் கூறும் முல்லைத் தீம்பாணியை மோகனமாகக் கொள்வோர் உளர் என்பதால் இது மரபுக்குப் புறம்பானதும் அன்று.

பறையைப் பற்றி ஒரு சொல். காலத்தை முதலில் கற்பிக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டால், இக்கரை ஊர்களில் அதை மிக நன்றாக அறிந்தவர்கள் பறையடிப்போர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அடிகளை வாய்ச்சொல்லாகச் சொல்லி, அதைக் கையில் இறக்கும் முறை அவர்களிடம் பிசகாமல் இருக்கிறது. பள்ளி இசை வகுப்புக்கு அவர்கள் ஆசிரியராக அழைக்கப்படாமைக்கு இசை சார்ந்த காரணம் எதுவும் இல்லை. உள்ள காரணம் எது என்பது அவையோர் அறிந்ததே.

6. ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இசை குருமுகமாக வர வேண்டியது, ஏட்டில் வருவது இசையன்று என்னும் கருத்து வலிமையுடையது. முதிர்ந்த கல்வியைப் பொறுத்தவரை உண்மையும் ஆகும். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே நிகழ்வதை எந்த எழுத்தும் முழுதாகச் சொல்லாது. ஆனால் வித்துவான் வீட்டுப் பிள்ளைக்குக் காலை முதல் இரவு வரை காதில் பாடம் விழுந்துகொண்டே இருக்கிறது. கிழமைக்கு ஒரு மணி நேரம் ஆசிரியரைப் பார்க்கும் அளத்துப் பிள்ளைக்கு மற்ற ஆறு நாளும் துணை எழுத்து ஒன்றுதான். எழுத்து வேண்டாம் என்று சொல்வது, வீட்டில் இசை இல்லாதவருக்கு இசை வேண்டாம் என்று சொல்வதில் போய் முடிகிறது.

ஐரோப்பாவில் 11ஆம் நூற்றாண்டில் அரெட்சோவின் குய்தோ என்னும் துறவி கோடுகளில் சுரங்களை எழுதிக் கற்பிக்கத் தொடங்கியதும் இதே நெருக்கடியால்தான்; ஆண்டுக்கணக்கில் செவிவழிப் பாடம் கேட்டும் கேளாத ஒரு பாட்டைத் தாமாகப் பாட முடியாத பாடகர்களைக் கண்டு சலித்தவர் அவர். பிற்காலத்தில் ஹங்கேரியின் ஸோல்தான் கோடாய் (1882–1967) வழியில் வந்த பள்ளிகள், பிரெஞ்சு ஆசிரியர் செவேயின் காலப்பெயர்களை அடியொற்றி, நீண்ட ஒலிக்குத் ‘தா’, அதில் பாதிக்குத் ‘தி’ என்று சொல்லவைத்துக் காலத்தை வாயில் பழக்குகின்றன. ‘தா’ இரண்டு, ‘தி’ ஒன்று. தமிழ்ப் பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளைக்கு அந்த விகிதத்தைச் சொல்லிக்கொடுக்க வெளியூர் முறை எதுவும் தேவையில்லை.

7. காலமும் இடமும்

உப்பு எடுப்பது தை, மாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாசியில் ஓய்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்கிவிடும். அந்த மூன்று மாதம் குடும்பங்களுக்குக் கூலி இல்லாத காலம். பெரியவர்கள் வீட்டில் இருக்கும் காலமும் அதுவே. வகுப்பு அப்போது தொடங்கினால் தாயும் தந்தையும் பிள்ளையோடு சேர்ந்து தாளம் போட இயலும். வேலை தொடங்கும் தை மாதத்துக்குள் பிள்ளைக்குக் காலப் பாடம் முடிந்து சுரப் பாடம் தொடங்கியிருக்கும். தொடர்ந்து கற்க விரும்புவோருக்கு விழுப்புரத்தில் அரசு இசைப்பள்ளி உள்ளது. குரலிசை முதல் நாதசுரம், தவில், தேவாரம் வரை மூன்றாண்டுப் படிப்பாக அங்கே கற்பிக்கின்றனர். அந்த வாயிலுக்குக் குழந்தையை எழுத்துத் தெரிந்தவனாகவும் தெரிந்தவளாகவும் கொண்டுபோய் நிறுத்துவது ஊர்ப் பள்ளியின் வேலை.

அறக்கட்டளையார் இவ்வாண்டு நன்கொடையில் பள்ளிக்கு ஆர்மோனியமும் கீபோர்டும் வாங்க எண்ணியிருப்பதாகத் தெரிகிறது. அந்த எண்ணத்துக்கு நன்றி கூறி, வாங்குவதை ஓராண்டு தள்ளிவைக்குமாறும், அத்தொகையில் மழைக்கால மூன்று மாதத்துக்கு ஊரிலுள்ள பறைக்கலைஞர் ஒருவருக்கும் இசையாசிரியர் ஒருவருக்கும் மதிப்பூதியம் வழங்குமாறும் இச்சொற்பொழிவு கேட்டுக்கொள்கிறது. கிளிஞ்சலைப் பிள்ளைகளே பொறுக்கிக்கொள்வார்கள்.